கொல்லையில் விளைவது எத்தனை நாளைக்கு வரும்?

விலையும் வரத்தும் நாளுக்கு நாள் மாறும் காலத்தில், வீட்டுத் தேவையைத் தாங்களே விளைவித்துக்கொள்ள நினைக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வீட்டைச் சுற்றி 200 சதுர மீட்டர் மண் இருக்கிறது. வீட்டில் நான்கு பேர். ஒரு வருடம் வெளியில் எதுவும் வாங்காமல் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியாது. காய்கறிக்கு அந்த இடம் தாராளம், ஆனால் பசிக்குப் போதாது. காயும் கீரையும் வேறு, வயிறு நிரம்புவது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் திட்டம் போடுபவர்கள்தான் முதல் வருடத்திலேயே சலித்துப்போகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,200 கலோரி என்றால் வருடத்துக்கு 8 லட்சம். நால்வருக்கு, சிறுவர்களுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், 30 லட்சம் தேவை. 100 கிராம் கீரையில் இருப்பது 25 கலோரிதான். கீரையை மட்டும் தின்று ஒருவர் ஒரு நாளை ஓட்ட 9 கிலோ வேண்டும்! சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுமாரான கவனிப்பில் சதுர மீட்டருக்கு 2 கிலோ தரும், அது 1,700 கலோரி. தானியம் 300 கிராம் வந்தால் ஆயிரத்துச் சொச்சம். பயறு 100 கிராம் என்றால் 350க்குள்.

200 சதுர மீட்டர் முழுவதும் கிழங்கு நட்டு, வருடத்துக்கு இரண்டு போகம் எடுத்தாலும் 7 லட்சத்தைத் தொடாது. ஒரு ஆளுக்கே பற்றாக்குறை. எண்ணெய்க் கணக்கு இன்னும் மோசம். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் என்றால் நால்வருக்கு வருடம் 29 கிலோ. நிலக்கடலைப் பருப்பிலிருந்து 40 சதவீதம் எண்ணெய் பிழிந்தாலும் 73 கிலோ பருப்பு வேண்டும். சதுர மீட்டருக்கு 150 கிராம் பருப்பு என்று வைத்தால், எண்ணெய்க்கு மட்டுமே கிட்டத்தட்ட 490 சதுர மீட்டர் போய்விடும். உப்போ, மண்ணில் விளைவதே இல்லை.

எனவே அந்த இடத்தை இப்படிப் பிரியுங்கள். காய், கீரைக்கு 60, கிழங்குக்கு 80, பயறுக்கு 40, மீதி நடைபாதைக்கும் நாற்றங்காலுக்கும் மக்குக் குவியலுக்கும். கிழங்கு இரண்டு போகம் சரியாக வந்தால் நால்வருக்கும் ஏறக்குறைய ஒரு மாதத்து மாச்சத்து கையில் இருக்கும். தானியத்தை வாங்கி வையுங்கள். நால்வருக்கு மூன்று மாதத்துக்கு 120 கிலோ போதும். பழையதை எடுத்துச் சமைத்து, புதியதை அடியில் போட்டுக்கொண்டே வர வேண்டும். "ஆபத்துக்கு" என்று எழுதி மூலையில் வைத்த மூட்டை ஆபத்து வரும்போது வண்டு மூட்டையாகத்தான் இருக்கும்.

கேள்வி: சர்க்கரைவள்ளிக் கொடி காடு மாதிரி பரவியிருக்கிறது. தோண்டினால் விரல் தடிமனில் வேர் மட்டும்தான். என்ன தவறு?

பதில்: பெரும்பாலும் தழைச்சத்து அதிகம். போன பயிருக்கு எருவைக் கொட்டிய பாத்தியில் அப்படியே கொடியை ஊன்றியிருப்பீர்கள். தழைச்சத்து கிடைக்கிறவரை அது இலையைத்தான் போடும். இதற்கு வேண்டியது சாம்பல் சத்து. நடும்போது சதுர மீட்டருக்கு 100 கிராம் சலித்த விறகுச் சாம்பல் போதும். மண் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது என்றால் அதுவும் வேண்டாம்.

இரண்டாவது காரணம் பலரும் கவனிக்காதது. எந்த வேர் கிழங்காக வேண்டும் என்பது நட்ட முதல் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த நாட்களில் மண் காய்ந்தாலோ, தண்ணீர் தேங்கினாலோ, மண் இறுகியிருந்தாலோ வேர் நார் கட்டிப் பென்சில் மாதிரி நின்றுவிடும். அதன் பிறகு என்ன ஊற்றினாலும் பருக்காது. நிழலும் ஒரு காரணம். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். 30 செ.மீ. உயரத்துக்குப் பொலபொலவென்று பார், அதாவது நீளமான மண் மேடு, போடுங்கள். பாருக்குப் பார் 60 முதல் 75 செ.மீ. கொடியின் நுனிப் பகுதியில் 25 முதல் 30 செ.மீ. துண்டு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மூன்று நான்கு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்வாக ஊன்றுங்கள். துண்டுக்குத் துண்டு 30 செ.மீ. ஒரு மாதம் கழித்துக் களை எடுத்து மண் அணையுங்கள். கொடி போகிற போக்கில் கணுவுக்குக் கணு வேர்விடும். அவ்வப்போது தூக்கிப் புரட்டிவிட்டால் போதும்.

கிழங்கு பருக்கும்போது பாரில் வெடிப்பு விழும். கூன்வண்டு அந்த வெடிப்பு வழியாகத்தான் இறங்குகிறது. வெடிப்பைக் கண்டதும் மண்ணால் மூடுங்கள். வண்டு குடைந்த கிழங்கு கசக்கும். அதில் உண்டாகும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. கால்நடைக்கும் போடாதீர்கள்.

100 முதல் 120 நாளில் தோண்டலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். தோண்டிய கிழங்கைக் கழுவக் கூடாது. நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடி, 30 டிகிரி வெப்பத்தில் ஐந்து முதல் ஏழு நாள் வையுங்கள். வெட்டுக்காயத்தின் மேல் புதுத் தோல் மூடும், இனிப்பும் கூடும். இதைச் செய்யாதவர்களுக்கு இரண்டு வாரத்திலேயே அழுகத் தொடங்கும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே போனால் நடுப்பகுதி கட்டியாகி, வெந்தும் வேகாத மாதிரி இருக்கும்.

கேள்வி: பாக்கெட்டில் வாங்கிய தக்காளி நன்றாகக் காய்த்தது. அதன் விதையை எடுத்து நட்டால் செடிக்கு ஒரு மாதிரி காய்க்கிறது. பூசணியும் அப்படித்தான். விதையைச் சேமிக்கவே முடியாதா?

பதில்: முடியும். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய். உங்கள் தக்காளி வீரிய ஒட்டு ரகம். இரண்டு தாய் ரகங்களைச் சேர்த்து உண்டாக்கியது. அதன் அடுத்த தலைமுறை பிரிந்துபோவது இயற்கை. பாக்கெட்டில் 'எஃப்1' என்று இருந்தால் விதைக்கு வைக்காதீர்கள். பூசணி விஷயத்தில் குற்றம் தேனீக்களுடையது. பக்கத்து வீட்டு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன.

தொடக்கத்தில் தக்காளி, பீன்ஸ், தட்டைப்பயறு, நிலக்கடலை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்துவிடும். கத்தரியும் வெண்டையும் ஓரளவு கலக்கும். விதைக்கான பூவை, விரியும் முன்பே மெல்லிய துணிப்பையால் மூடிவிட்டால் போதும். மக்காச்சோளத்தை வீட்டளவில் விட்டுவிடலாம். 100 செடிக்குக் குறைவாக விதை எடுத்தால் சில தலைமுறையில் பயிர் மெலிந்துபோகும்.

பூசணிக்குக் கையால் சேர்க்கலாம். மறுநாள் விரியப்போகும் மொட்டு முந்தின மாலையே நுனியில் மஞ்சள் காட்டும். ஆண் மொட்டு இரண்டையும், அடியில் குட்டிக்காய் இருக்கும் பெண் மொட்டு ஒன்றையும் நூலால் வாய் கட்டிவிடுங்கள். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, உள்ளே இருக்கும் மஞ்சள் குச்சியைப் பெண் பூவின் நடுவில் நன்றாகத் தேயுங்கள். பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் சிவப்பு நூல் ஒன்று சுற்றி வையுங்கள். வெயில் ஏறிய பிறகு செய்தால் பிடிக்காது. சுரையும் பீர்க்கையும் மாலையில் மலர்பவை. அவற்றுக்கு இதே வேலை பொழுது சாயும்போது.

ஒரு எச்சரிக்கை. சுரை, பூசணி, வெள்ளரி குடும்பத்தில் எந்தக் காயாவது வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் துப்பிவிடுங்கள், சமைத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். காட்டு ரகமோ அழகுக்கு வளர்க்கும் ரகமோ கலந்த விதையில் குக்குர்பிட்டசின் என்ற நஞ்சு ஏறியிருக்கும். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, குடலில் ரத்தக்கசிவு வரை போகும். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்களும் உண்டு. அந்தக் கொடியின் விதையை அடியோடு ஒழித்துவிடுங்கள்.

தக்காளி விதையைச் சதையோடு கண்ணாடிக் குவளையில் இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழவழப்பு நீங்கும். பிறகு எல்லா விதைக்கும் ஒரே முறைதான். காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். சிமெண்டுத் தரையின் உச்சி வெயில் முளையைக் கொன்றுவிடும். பூசணி விதையை வளைத்தால் வளையாமல் 'டக்'கென்று ஒடிய வேண்டும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும், வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்களின் கணக்கு. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த உலக விதைப் பெட்டகமும், நன்றாக உலர்த்திய விதையை மைனஸ் 18 டிகிரியில் வைத்து இதையேதான் செய்கிறது. நமக்கு இறுக்கமான கண்ணாடிப் புட்டி போதும். அடியில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, மேலே விதைப் பொட்டலம். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒரு வாரம் கழித்து எடுத்துவிடுங்கள்.

விதைக்கும் முன் 20 விதையை ஈரத் துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். 16 முளைத்தால் நல்ல விதை. 10க்குக் கீழே என்றால் மிச்சம் மீதியை இந்தப் பருவமே விதைத்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வெங்காய விதையை மட்டும் நம்பாதீர்கள், ஒன்றிரண்டு வருடம்தான்.

கேள்வி: பயறைக் காயவைத்து மூடி போட்ட டப்பாவில்தான் வைத்தேன். ஒரு மாதத்தில் வண்டு எப்படி உள்ளே போனது?

பதில்: போகவில்லை, உள்ளேயே இருந்தது. செடியில் நெற்று காயும்போதே வண்டு முட்டையிட்டுவிடும். பயறின் தோலில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிதான் முட்டை. புழு உள்ளே குடைந்து தின்று, நல்ல வெப்பத்தில் மூன்று நான்கு வாரத்தில் வட்டத் துளை போட்டு வண்டாக வெளியே வரும். அறுவடையைத் தள்ளிப்போடப் போட முட்டை கூடும்.

சாப்பாட்டுக்கான பயறைக் கறுப்புத் துணியின் மேல் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே 60 டிகிரிக்குப் போனால் முட்டையும் புழுவும் செத்துவிடும். விதைக்கு வைப்பதைச் சூடாக்க வேண்டாம். கிலோவுக்கு 5 மி.லி. சமையல் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மணியிலும் படும்படி பிசறி வையுங்கள். வண்டு இட்ட முட்டை பிழைக்காது. கலத்தை வாய் வரை நிரப்பி இறுக மூடுங்கள். உள்ளே இருக்கும் கொஞ்சம் பிராணவாயுவைப் பூச்சிகளே தீர்த்துவிட்டுத் திணறிச் சாகும். பாதி நிரப்பிய டிரம்மிலும், தினமும் திறக்கும் டப்பாவிலும் இது நடக்காது. மாதத் தேவைக்குச் சின்னக் கலம் தனியாக இருக்கட்டும்.

தானியத்தில் ஈரம் பார்க்கக் கருவி வேண்டாம். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியம், அதன் மேல் இரண்டு மூன்று கரண்டி காய்ந்த தூள் உப்பு. ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். புட்டிச் சுவரில் உப்பு அப்பியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். உப்பு ஒட்டாமல் விழுந்தாலும் உடனே மூட்டை கட்டாதீர்கள், 13க்குக் கீழே வர இன்னும் ஓரிரு நாள் வெயில் காட்டுங்கள். ஈரத்தோடு காற்றுப் புகாமல் அடைத்தால் வண்டுக்குப் பதில் பூஞ்சணம் வரும். கடலையிலும் மக்காச்சோளத்திலும் பச்சைப் பூஞ்சணம் கண்டால் கழுவி வறுத்துத் தின்னலாம் என்று நினைக்க வேண்டாம். அஃப்ளாடாக்சின் வறுத்தாலும் வெந்தாலும் அழியாது. கோழிக்கும் ஆகாது.

கேள்வி: உரம் வாங்க முடியாத நிலை வந்தால் மக்கு உரம் மட்டும் போதுமா? எங்கள் குவியல் சூடே ஏறுவதில்லை.

பதில்: சூடு ஏறாததற்கு முதல் காரணம் அளவு. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் வெப்பம் உள்ளே தங்கும். தினமும் ஒரு கை குப்பை போட்டால் அது மெதுவாக மக்கும், கொதிக்காது. காய்ந்த இலை, வைக்கோல் இரண்டு பங்குக்குப் பச்சைத் தழை, சாணம், சமையலறைக் கழிவு ஒரு பங்கு. கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியும் ஈரம். மூன்றாம் நாள் இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையால் பிடிக்க முடியாத சூடு என்றால் சரியான வழியில் போகிறது. மூக்கைச் சுளிக்கவைக்கும் அமோனியா வாடை என்றால் காய்ந்த இலை சேர்க்கவும். அழுகல் நாற்றம் என்றால் காற்று இல்லை, புரட்டவும்.

மக்கு உரம் மண்ணைத் திருத்தும், ஆனால் தழைச்சத்து அதில் குறைவு. விலையில்லாத தழைச்சத்து வீட்டிலேயே இருக்கிறது: சிறுநீர். முகம் சுளிக்க வேண்டாம், ஒருவரின் ஒரு வருடச் சிறுநீரில் 3 முதல் 4 கிலோ தழைச்சத்து இருக்கிறது. சதுர மீட்டருக்கு ஒரு பருவத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவு. அதை மூன்று தடவையாகப் பிரித்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கோடு கிழித்து ஊற்றி உடனே மண்ணால் மூடுங்கள். மூடாவிட்டால் பாதிச் சத்து காற்றோடு போய்விடும். இலையில் படக் கூடாது. அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள், பச்சையாகத் தின்பவற்றுக்கு வேண்டாம். பயறுக்குத் தேவையில்லை, கிழங்குக்கு மேலே சொன்ன காரணத்தால் கூடாது. சாம்பலோடு சேர்த்து ஊற்றாதீர்கள், சத்து அமோனியாவாகப் பறக்கும். உப்புப் பூத்த மண்ணுக்கு இது ஏற்றதல்ல.

கேள்வி: 50 சதுர மீட்டர் கூரையில் விழும் மழையை வைத்துத் தோட்டம் போட முடியுமா?

பதில்: ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். வருடத்துக்கு 600 மி.மீ. பெய்யும் இடத்தில் 50 சதுர மீட்டர் கூரை 30,000 லிட்டர் வாங்கும். சிதறல், ஆவி போகக் கையில் நிற்பது 24,000. வெயில் காலத்தில் காய்ப்பாத்திக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வேண்டும். 60 சதுர மீட்டருக்கு 300 லிட்டர், ஆக 80 நாள் வரும். ஏழு முதல் பத்து செ.மீ. கனத்துக்கு மண்ணின் மேல் காய்ந்த இலையால் மூடாக்கு போட்டால் நாட்கள் நீளும். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், அழுகும்.

தவறு நடப்பது மூன்று இடத்தில். முதல் மழையின் அழுக்கு நீரைத் தள்ளிவிடக் கூரையின் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டராவது வேண்டும். அதாவது 50 லிட்டர். 110 மி.மீ. குழாயில் ஒரு மீட்டருக்கு 9 லிட்டர்கூட நிற்காது, ஆகவே குழாய்த் துண்டை நம்பாமல் ஒரு சின்ன டிரம் வையுங்கள். தொட்டி நிரம்பியதும் உபரி நீர் வழிந்தோடும் குழாய், தண்ணீர் உள்ளே வரும் குழாயை விடச் சிறியதாக இருந்தால் பெருமழையில் தண்ணீர் சுவரில் இறங்கும். 1,000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை, அடித்தளம் இல்லாமல் மண்ணில் வைத்தால் தொட்டி சாயும். வாய்களுக்கெல்லாம் கொசுவலை கட்டாயம்.

கேள்வி: மிஞ்சும் பீன்ஸ், கேரட்டைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து மூடினால் வருடக்கணக்கில் இருக்குமாமே?

பதில்: இருக்கும், உங்களைக் கொல்லவும் கூடும். புளிப்பு இல்லாத காய்களில் ஒட்டியிருக்கும் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் 100 டிகிரிக் கொதியில் சாகாது. காற்றில்லாத புட்டி அவற்றுக்குத் தோதான இடம். உண்டாகும் நஞ்சுக்கு நிறமோ வாடையோ தெரிய வேண்டும் என்பதில்லை. 116 டிகிரிக்கு மேல் போகும், அதற்கென்றே செய்த அழுத்தக் கலம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பதும் இதே ஆபத்து.

பாதுகாப்பான வழி புளிக்கவைப்பது. நறுக்கிய கிலோ காய்க்கு 20 முதல் 25 கிராம் உப்பு. தராசில் நிறுத்துப் போடுங்கள், கைக்கணக்கு வேண்டாம். பிசைந்து அமுக்கினால் தன் சாறே மேலே வரும். காய் அந்த நீருக்குள் மூழ்கியிருக்கும்படி சுத்தமான கல்லால் அழுத்துங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் புளிப்பு ஏறும். மேலே வெள்ளை ஏடு படிந்தால் வழித்துவிடலாம். கறுப்பாகவோ பச்சையாகவோ பஞ்சு மாதிரி வளர்ந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள்.

கேள்வி: ஐந்து கோழி வளர்த்தால் முட்டைச் செலவு மிச்சம்தானே?

பதில்: தீவனத்தை யார் விளைவிப்பது என்பதைப் பொறுத்தது. முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு 115 கிராம் தின்னும். ஐந்துக்கு வருடம் 210 கிலோ. அதை நீங்களே தானியமாக விளைவிக்க 700 சதுர மீட்டர் வேண்டும். சமையலறைக் கழிவு, புழு, கீரைத் தண்டு கொஞ்சம்தான் தாங்கும். அப்படியும் இரண்டு மூன்று கோழிகளை வைத்துக்கொள்ளச் சொல்வோம். பி12 வைட்டமின் செடிகளில் கிடைக்காது, முட்டையில் கிடைக்கும். முட்டை ஓட்டைக் காயவைத்து, முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கித் திரும்பப் போடுங்கள். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்தப் பழகிவிடும்.

கேள்வி: மண்ணே இல்லை. மாடிப்படியில் நான்கு தொட்டி வைக்கலாம். எங்களுக்கு எதுவும் இல்லையா?

பதில்: தொட்டியில் கீரையும் மிளகாயும் வையுங்கள், கலோரியை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் நிலம் ஒரு புட்டியும் துணியும்தான். காய்ந்த பயறில் அநேகமாக இல்லாத சி வைட்டமின் முளைக்கும்போது உண்டாகிறது. பச்சைக்காய் வராத வாரங்களில் இது பெரிய துணை. பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, புட்டியைத் துணியால் மூடிச் சாய்த்து வையுங்கள். காலையும் மாலையும் அலசுங்கள். இரண்டு மூன்று நாளில் முளை ஒரு செ.மீ. வந்துவிடும். புளிச்ச வாடை வந்தால் தண்ணீர் சரியாக வடியவில்லை என்று பொருள், அதைத் தொட்டிக்குள் புதைத்துவிடுங்கள். முளைக்கும் சூட்டில் கிருமியும் வளரும் என்பதால் லேசாக வேகவைத்தே சாப்பிடுங்கள். அலசிய தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றலாம்.